கயா வேறு, புத்தகயா வேறு

"எல்லாம் ஒண்ணுதான் சார். உபநிஷத்து சொன்னதைத்தான் புத்தரும் சொன்னார். இவங்க ஆத்மான்னாங்க, அவர் சூன்யம்னார். பேருதான் வேற."

இந்த வசனத்தைக் கேட்காத மாதம் எனக்குக் கிடையாது. ரயிலில், கல்யாணப் பந்தியில், தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், எங்காவது யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். சண்டை சச்சரவு பிடிக்காதவர், எல்லாக் கோவிலிலும் செருப்பைக் கழற்றுபவர். அதனாலேயே யாரும் அவரை மறுத்துப் பேசுவதில்லை. எனக்கு மறுத்துப் பேச வேண்டும் போலிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் சைவன். திருநீறு பூசுகிறவன். ஆன்மா உண்டு, அது என்றும் உள்ளது என்று நம்புகிற வீட்டில் பிறந்து, யோசித்துப் பார்த்த பிறகும் அதையே நம்புகிறவன். புத்தருக்காக வாதாட எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் எதிர்க்கட்சிக்காரர் என்ன சொன்னார் என்பதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் இல்லையா? அவர் வாயில் நம் வார்த்தையைத் திணித்துவிட்டு, "பார்த்தீர்களா, அவரும் நம் ஆள்தான்" என்று சொல்வது சுத்த ஜல்லி.

பாட்னாவில் வேலை பார்க்கும் தமிழனுக்குச் சம்பளம் இல்லாத உத்தியோகம் ஒன்று உண்டு. ஊரிலிருந்தும் தில்லியிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களைக் கயாவுக்கு அழைத்துப் போவது. பதினோரு வருடமாகச் செய்கிறேன். நிகழ்ச்சி நிரல் எப்போதும் ஒன்றேதான். காலையில் பல்கு ஆற்றங்கரை, விஷ்ணுபாதம் கோவில் (இப்போது நிற்கும் கோவில் 1787-ல் அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது), அட்சயவடம், பிண்டம். மதியம் சாப்பாடு. அப்புறம், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், பக்கத்துலதானே" என்று புத்தகயா. வேனில் அரை மணி, நெரிசல் இருந்தால் இன்னும் கொஞ்சம். போதிமரத்தடியில் கும்பிட்டுவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கலாம்.

ஒரு முறை பெரியப்பா மகன் தன் அப்பாவுக்குக் கொடுக்க தில்லியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகளுக்குப் பதினாலு வயது. மகாபோதி கோவில் வளாகத்தில் வழிகாட்டி இந்தியில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார், புத்தர் ஆத்மா என்று ஒன்றை ஏற்கவில்லை என்று. அவள் என் பக்கம் திரும்பி, "சித்தப்பா, ஆத்மாவே கிடையாதுன்னா, காலைல தாத்தாவுக்கு வச்சோம்லா, அதை யாருக்கு வச்சோம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அப்பா முந்திக்கொண்டான். "எல்லாம் ஒண்ணுதான்டா கண்ணு. வா, ஐஸ்கிரீம் வாங்கித் தாறேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், கடோபநிஷத்து தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான். மனிதன் செத்த பிறகு இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், எது உண்மை என்று நசிகேதன் என்ற சிறுவன் யமனிடம் கேட்கிறான். யமன் இதை மட்டும் கேட்காதே என்கிறான். குதிரை தருகிறேன், யானை தருகிறேன், தங்கம் தருகிறேன் என்று ஆசை காட்டுகிறான். அந்தக் காலத்து ஐஸ்கிரீம்! பையன் மசியவில்லை. பிறகுதான் உபநிஷத்தே ஆரம்பிக்கிறது.

இரண்டு தேர்கள்

யமன் நசிகேதனுக்கு ஓர் உவமை சொல்கிறான். உடம்பு ஒரு தேர். புலன்கள் குதிரைகள். மனம் கடிவாளம். புத்தி தேரோட்டி. தேருக்குச் சொந்தக்காரன், உள்ளே உட்கார்ந்திருப்பவன், ஆத்மா. தேர் உடையலாம், குதிரை சாகலாம். உட்கார்ந்திருப்பவன் வேறு.

இதே தேரைப் பௌத்தர்களும் எடுத்தார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கில் ஆண்ட கிரேக்க வம்சத்து மன்னன் மெனாந்தர், பாலி நூலில் மிலிந்தன். அவனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடக்கும் உரையாடல்தான் 'மிலிந்த பஞ்ஹ'. நாகசேனர் சொல்கிறார்: நாகசேனன் என்பது கூப்பிடுவதற்கு ஒரு பெயர், அதற்குப் பின்னால் நிலையான ஆள் ஒருவரும் இல்லை. மன்னன் விடவில்லை. அப்படியானால் உமக்கு உணவு கொடுப்பது யாருக்குக் கொடுப்பது? உம்மை ஒருவன் கொன்றால் அது கொலையே இல்லையா? நாகசேனர் திருப்பிக் கேட்கிறார்: மன்னா, எப்படி வந்தாய்? தேரில். அச்சுதான் தேரா? இல்லை. சக்கரமா? இல்லை. நுகமா, சட்டமா? இல்லை. இவை எல்லாவற்றுக்கும் வெளியே தேர் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? அதுவும் இல்லை. இவை சேர்ந்திருக்கும்போது தேர் என்கிறோம். நாகசேனன் என்பதும் அப்படித்தான்.

இப்போது சொல்லுங்கள், இரண்டும் ஒன்றா? கடோபநிஷத்தில் தேர் போனாலும் அதில் உட்கார்ந்தவன் உண்டு. நாகசேனரிடம் உட்கார்ந்தவன் இருக்கட்டும், தேரே ஒரு பெயர்தான். ஒரே உவமையை இவ்வளவு நேர் எதிராகப் பயன்படுத்தியவர்களைப் பார்த்து "பேருதான் வேற" என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

நம் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். ஏதாவது ஒரு தமிழ்ச் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் முன்னால் ஆரம்பித்தவர்கள் யாரும் இப்போது இல்லை. கட்டடம் மாறிவிட்டது, விதிமுறை மாறிவிட்டது, உறுப்பினர் எல்லாம் புதுசு. ஆனாலும் பொன்விழா கொண்டாடுகிறோம், பழைய கடனை நாமே அடைக்கிறோம். உறுப்பினர், கட்டடம், கணக்குப் புத்தகம் தவிர 'சங்கம்' என்று உள்ளே எதுவும் ஒளிந்திருக்கிறதா? இல்லை. ஆனால் தொடர்ச்சி இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. மனிதனும் அவ்வளவுதான் என்கிறது பௌத்தம். சைவனாகிய நான் உடனே கேட்பேன்: சங்கத்துக்குப் பல் வலிக்குமா? எனக்கு வலிக்கிறதே, அந்த 'எனக்கு' யார்? சண்டை இங்கேதான் ஆரம்பம். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நடந்த சண்டை.

புத்தர் மௌனமாக இருந்தாரே?

"ஒன்றுதான்" கட்சியின் துருப்புச் சீட்டு இது. வச்சகோத்தர் என்ற பரிவிராஜகர் வந்து ஆத்மா உண்டா என்று கேட்கிறார், புத்தர் பேசவில்லை. இல்லையா என்று கேட்கிறார், அப்போதும் பேசவில்லை. ஆகவே புத்தர் ஆத்மாவை மறுக்கவில்லை, வார்த்தைக்கு எட்டாதது என்று உபநிஷத்து சொன்னதைத்தான் மௌனத்தால் சொன்னார் என்பது இவர்கள் வாதம்.

அதே சுத்தத்தில் அடுத்து நடப்பதைப் படிக்க வேண்டும். ஏன் பேசவில்லை என்று ஆனந்தர் கேட்கிறார், புத்தர் காரணம் சொல்கிறார். உண்டு என்றால் நித்தியவாதிகளோடு சேர்ந்ததாகிவிடும். இல்லை என்றால் செத்தால் எல்லாம் முடிந்தது என்பவர்களோடு சேர்ந்ததாகிவிடும். ஏற்கெனவே குழம்பியிருக்கும் வச்சகோத்தர், முன்பு இருந்த ஆத்மா இப்போது போய்விட்டதே என்று இன்னும் குழம்புவார். ஒளித்துவைத்த வேதாந்தம் எதுவும் இதில் இல்லை.

மற்ற இடங்களில் புத்தர் வாயைத் திறந்துதான் பேசியிருக்கிறார். சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்குச் செய்த இரண்டாவது உபதேசமே இதைப் பற்றியது. மனிதன் என்று நாம் சொல்வதை ஐந்து கந்தங்களாகப் பிரிக்கிறார். மணிமேகலை தரும் தமிழில் சொன்னால் உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இவற்றில் எதுவும் நிலையில்லை, எதுவும் உன் சொல் கேட்காது, ஆகவே எதையும் 'இது நான், இது என் ஆத்மா' என்று பிடித்துக்கொள்ளாதே என்கிறார்.

சரி, ஐந்தும் ஆத்மா இல்லை, ஆறாவதாக ஒன்று உண்டு என்று அர்த்தமோ? அப்படி நினைத்த சீடரும் இருந்தார். சாதி என்று பெயர், மீனவர் மகன். இதே அறிவுதான் மாறாமல் பிறவிக்குப் பிறவி போகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நம்மில் பலர் ஆத்மா என்று நினைப்பது கிட்டத்தட்ட இதைத்தான். புத்தர் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கண்டித்தார். நான் யாருக்கு எப்போது இப்படிப் போதித்தேன் என்று கேட்டார். அறிவு காரணங்களைச் சார்ந்து தோன்றுவது என்பதுதான் அவர் போதனை. இன்னோர் இடத்தில், உலகமும் ஆத்மாவும் ஒன்று, செத்தபின் நான் மாறாமல் நித்தியமாக இருப்பேன் என்ற கொள்கையை முழு முட்டாள்தனம் என்கிறார். இதற்கு மேலும் அவர் எப்படித்தான் தெளிவாகச் சொல்வது?

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பௌத்தத்துக்குள்ளேயே இது எல்லாருக்கும் எளிதாக விழுங்கவில்லை. வாத்ஸிபுத்திரீயர் என்ற பிரிவினர் ஐந்து கந்தங்களும் அல்லாத, அவற்றுக்கு வேறும் அல்லாத 'புத்கலன்' ஒருவன் உண்டு என்றார்கள். மற்ற பௌத்தர்கள் கொதித்துப் போனார்கள். வசுபந்து தன் அபிதர்மகோசத்தின் கடைசிப் பகுதியை அவர்களை மறுக்கவே ஒதுக்கினார். பிற்கால மகாயானத்தில் 'ததாகத கர்ப்பம்' என்ற கருத்து ஆத்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. லங்காவதார சூத்திரத்தில் மகாமதி, இது மற்றவர்கள் சொல்லும் ஆத்மா மாதிரியே இருக்கிறதே என்று கேட்கவே கேட்கிறார். இல்லை என்பதே பதில். சுவர் ஒட்டிக் குடியிருந்தவர்கள்தான். ஆனாலும் நடுவில் சுவர் உண்டு என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

நம் பக்கமும் ஒன்றல்ல

இந்து தத்துவம் என்று ஒரே உருண்டையாகப் பிடித்துவைப்பது இன்னொரு ஜல்லி. சாங்கியத்தில் புருஷர்கள் எண்ணற்றவர்கள். நியாயக்காரர்களின் முக்தியில் ஆத்மாவுக்கு இன்பமும் இல்லை, அறிவும் இல்லை. இதற்குக் கல்லாய்ப் போகலாமே என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அத்வைதத்தில் ஆத்மா ஒன்றே, அதுவே பிரம்மம். ராமானுஜருக்கு ஜீவர்கள் பலர், இறைவனுக்கு உடல் போன்றவர்கள், வைகுந்தத்தில் கைங்கரியமே பேறு. நம் சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கம் இல்லாதவை.

"அத்வைதமும் பௌத்தமும் ரொம்ப நெருக்கம் இல்லையா?" நெருக்கம்தான். சங்கரரை மாறுவேடப் பௌத்தர் என்று அவருடைய எதிரிகள் திட்டியதற்குக் காரணம் இருக்கிறது. சங்கரருக்கு முந்தைய கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையில் நான்காம் பிரகரணம் முழுக்கப் பௌத்தச் சொற்கள். ஆனால் அதை முடிக்கும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார்? இதைப் புத்தர் சொல்லவில்லை என்கிறார்! சங்கரரும் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் பௌத்தப் பிரிவுகளை வரிசையாக நிறுத்தி மறுக்கிறார். நேற்றுப் பார்த்தவனும் இன்று நினைவுகூர்பவனும் ஒருவனே என்றல்லவா அனுபவம் இருக்கிறது என்பது அவர் எடுக்கும் ஓர் ஆயுதம்.

மறுபக்கத்தில், எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தரான சாந்தரட்சிதர் தத்துவ சங்கிரகத்தில் ஆத்மவாதிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக மறுக்கிறார். உபநிஷத்துக்காரர்களிடம் வரும்போது, இவர்கள் பிழை சிறியது, நித்தியம் என்று சொன்னது மட்டுமே பிழை என்கிறார். எவ்வளவு அழகான எதிரி பாருங்கள். எவ்வளவு தூரம் சேர்ந்து வரலாம் என்று அளந்து சொல்லிவிட்டு, சரியாக எந்த இடத்தில் பிரிகிறோம் என்று விரல் வைத்துக் காட்டுகிறார். நம் "ஒன்றுதான்" ஆட்களிடம் இந்த மரியாதைகூடக் கிடையாது.

விடுதலை யாருக்கு?

ஆத்மா பற்றிய சண்டை வெறும் ஏட்டுச் சண்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் முக்தி என்றால் என்ன என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

முண்டகோபநிஷத்து ஆறுகளைக் காட்டுகிறது. கடலில் கலந்ததும் பெயரும் உருவமும் போய்விடும். புத்தர் தீயைக் காட்டுகிறார். விறகு தீர்ந்து அணைந்த தீ கிழக்கே போனதா மேற்கே போனதா என்று கேட்கலாமா? கேள்வியே பொருந்தாது, ததாகதர் இறந்தபின் எங்கே என்ற கேள்வியும் அப்படித்தான். நம் சித்தாந்திகள் இலக்கணத்தைக் காட்டுகிறார்கள். தாள், தலை சேர்ந்தால் தாடலை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இறைவன் தாளில் உயிரின் தலை. உயிர் அழிவதும் இல்லை, தனியே நிற்பதும் இல்லை. கலப்பது, அணைவது, சேர்வது. மூன்றும் ஒன்றாம்!

பௌத்தர் நம்மைக் கேட்கும் கேள்வி உண்மையிலேயே கடினமானது. ஆத்மா மாறாதது என்கிறீர்கள். கட்டுண்டிருந்தபோதும் விடுபட்ட பிறகும் அது கொஞ்சமும் மாறவில்லை என்றால் விடுதலையால் என்ன நடந்தது? மாறியது என்றால் எப்படி நித்தியம்? அத்வைதி சொல்வார்: கட்டே தோற்றம்தான், ஆத்மா ஒருநாளும் கட்டுப்பட்டதில்லை. சித்தாந்தி அதை ஏற்கமாட்டார். கட்டு உண்மை. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு ஒட்டியது. உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பு உண்டு, பாசத்தைச் சார்ந்தால் அதுவாக, பதியைச் சார்ந்தால் அதுவாக. எனக்கு இந்தப் பதில் போதுமானதாக இருக்கிறது. பௌத்தருக்குப் போதாது. போதாது என்று அவர் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது.

நாம் அவரைக் கேட்பது: நிலையான ஆள் இல்லை என்றால் வினை செய்தவன் ஒருவன், பலன் அனுபவிப்பவன் வேறொருவன் ஆகிவிடாதா? பாதையில் நடந்து கரையேறுபவன் யார்? நாகசேனர் பதில் வைத்திருக்கிறார். மாம்பழம் திருடியவன், "நீ நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம்" என்று தப்பிக்க முடியுமா? ஒன்றிலிருந்து ஒன்று வந்ததால் பொறுப்பு உண்டு. முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. நல்ல பதில். எனக்குப் பல்வலி இன்னும் தீரவில்லை, ஆனாலும் நல்ல பதில்.

நம் முன்னோர் வாதாடினார்கள்

"எதுக்கு வீண் சண்டை, நம் மரபு சமரசம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மரபு? மணிமேகலையின் 27-ஆம் காதையைப் பாருங்கள். வஞ்சியில் அவள் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கேட்டு முடித்து எல்லாம் ஒன்றுதான் என்று வீட்டுக்குப் போகவில்லை. அறவண அடிகளிடம் அளவை நூல் கேட்டு, பிறகு பன்னிரண்டு நிதானங்கள் கேட்டுத்தான் நோன்பு ஏற்கிறாள்.

குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்துக்கு எதிராகச் சமணர்கள் நீலகேசி எழுதினார்கள். அதில் நீலகேசி ஊர் ஊராகப் போய்க் குண்டலகேசியோடும், மொக்கலனோடும், கடைசியில் புத்தரோடேயும் வாதாடுகிறாள். குண்டலகேசி பெரும்பாலும் அழிந்துவிட்டது. அதன் வாதங்கள் பற்றி நமக்கு இன்று தெரிவதில் பெரும்பகுதி எதிரி பதிவு செய்துவைத்ததுதான்! பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பாதியையே மாற்றார் கொள்கைக்குக் கொடுத்தார். பௌத்தத்தை ஒன்றாகக்கூட எடுக்கவில்லை. சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்யமிகன், வைபாடிகன் என்று நான்காகப் பிரித்து ஒவ்வொருவர் கொள்கையையும் சொல்லி மறுத்தார். அதே வரிசையில் மாயாவாதியும் உண்டு. அவருடைய ஆசிரியர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறார். 'இல்லை' என்று ஒருவன் சொல்கிறானே, அந்தச் சொல்பவன் யார் என்பதில் ஆரம்பித்து.

காவிரிக்கரையில் இருந்துகொண்டு புத்ததத்தர் பாலியில் அபிதம்மம் எழுதிய நாடு இது. வாதம் நம் வீட்டுச் சொத்து. 1898-ல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சைவர்தான். காப்பியம் புரிய வேண்டும் என்பதற்காகப் பௌத்தத்தைக் கற்று, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்று தமிழில் எழுதியும் சேர்த்தார். எல்லாம் ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தால் அந்தச் சிரமம் எதற்கு?

"ஒன்றுதான்" என்றால் யாருக்கு நஷ்டம்?

விவேகானந்தர் 1893-ல் சிகாகோவில் பௌத்தம் இந்து சமயத்தின் நிறைவு என்ற பொருளில் பேசினார். ராதாகிருஷ்ணன் 1923-ல் வந்த தன் இந்தியத் தத்துவ நூலில் ஆதி பௌத்தம் உபநிஷத்துச் சிந்தனையின் வழிவந்தது என்று வாதிட்டார். ஆனந்த குமாரசாமியும் ஏறக்குறைய அந்தப் பக்கம். அந்நிய ஆட்சிக் காலத்தில் இந்திய மரபு ஒன்று என்று காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் இரு பக்கமும் படித்துவிட்டுச் சொன்னார்கள். நாம் படிக்காமல் இருப்பதற்காக அதையே சொல்கிறோம்.

புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நாம் பெரிய உபசாரமாக நினைக்கிறோம். ஏன் அந்த அவதாரம் என்று பாகவதம் என்ன சொல்கிறது தெரியுமா? தேவர்களின் பகைவர்களை மயக்குவதற்கு. அதாவது தப்பான வழியைக் காட்டிக் கெடுப்பதற்கு. ஒருவரைக் கூடத்தில் உட்காரவைத்து, "இவர் சொன்னதெல்லாம் வேண்டுமென்றே சொன்ன பொய்" என்று அறிமுகப்படுத்தினால் அதற்கு உபசாரம் என்று பெயரா?

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அன்று கொடுத்த 22 உறுதிமொழிகளில், புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்பது ஒன்று. அதற்கு அடுத்ததே சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் கொடுக்கமாட்டேன் என்பது. தமிழ்நாட்டில் அதற்கு வெகு முன்பே, 1898-ல், அயோத்திதாசர் பௌத்தம் ஏற்றுச் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியிருந்தார். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 84 லட்சம் பௌத்தர்கள், முக்கால்வாசிக்கு மேல் மகாராஷ்டிரத்தில். எதிலிருந்து வெளியேறினோம் என்று தெரிந்தே வெளியேறிய குடும்பங்கள். நாக்பூரிலோ புனேயிலோ அடுத்த வீட்டுக்காரரிடம் போய், "நீங்களும் நாங்களும் ஒண்ணுதான்" என்று நாம் பாசமாகச் சொல்லும்போது அவர் காதில் விழுவது வேறு: "நீங்கள் எடுத்த முடிவுக்கு ஓர் அர்த்தமும் இல்லை."

புத்தகயாவிலும் இதே கதைதான். 1949 சட்டப்படி மகாபோதி கோவில் நிர்வாகக் குழுவில் நான்கு இந்துக்கள், நான்கு பௌத்தர்கள், தலைவர் மாவட்ட ஆட்சியர். அந்த ஆட்சியர் இந்துவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2013-ல்தான் எடுத்தார்கள். நிர்வாகம் முழுவதும் தங்களிடம் வேண்டும் என்று 2025-ல் பிக்குகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் கோரிக்கை சரியா தவறா என்று தனியாக வாதாடலாம். ஆனால் "எல்லாம் ஒண்ணுதானே, யார் நிர்வாகம் செஞ்சா என்ன" என்ற பதில் எப்போதும் நிர்வாகம் கையில் இருப்பவரிடமிருந்தே வருவதைக் கவனியுங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

"அதை யாருக்கு வச்சோம்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்கள் உண்டு, அவை பதினாலு வயதுக்குப் புரியாதவையும் இல்லை. காலையில் கொடுத்தபோது நாம் நம்பியது: தாத்தாவின் உடம்பு போனது, உயிர் போகவில்லை, அது தன் வினைக்கேற்பப் பயணத்தில் இருக்கிறது, நாம் கொடுப்பது அதற்குத் துணை. மாலையில் போய் நின்ற இடத்தில் சொல்லப்பட்டது: மாறாத உயிர் என்று ஒன்று இல்லை, சுடரிலிருந்து சுடர் போலத் தொடர்ச்சிதான் உண்டு.

சரி, அப்போது பௌத்தர் இறந்தவருக்கு எதுவும் கொடுக்கமாட்டாரா? இதையும் ஒருவர் புத்தரிடமே கேட்டிருக்கிறார். ஜானுஸ்ஸோணி என்ற அந்தணர், நாங்கள் சிராத்தத்தில் கொடுப்பது இறந்தவர்களுக்குப் போய்ச் சேருமா என்று கேட்கிறார். புத்தர் கேலி செய்யவில்லை. இறந்தவர் தேவராகவோ மனிதராகவோ விலங்காகவோ பிறந்துவிட்டால் சேராது, அவரவர்க்கு அங்கங்கே உள்ள உணவு. பிரேத உலகில் இருந்தால் சேரும். அவர் அங்கே இல்லாவிட்டால் அங்கிருக்கும் வேறு உறவினர்க்குச் சேரும். எப்படியானாலும் கொடுத்தவனுக்குப் பலன் இல்லாமல் போகாது. இதைக் கேட்டால் அந்தப் பெண் இன்னும் நாலு கேள்வி கேட்பாள். கேட்கட்டுமே. ஊரை விட்டு வந்து வளரும் பிள்ளைகளுக்குக் கோவில் தூரம், தாத்தா பாட்டி தூரம், மொழியே பாதி தூரம். கேள்வி ஒன்றுதான் பக்கத்தில் இருக்கிறது. அதையும் ஐஸ்கிரீம் கொடுத்து அனுப்பிவிட்டால் அவர்களிடம் மிஞ்சப்போவது செல்போனில் நாலு கோவில் படம் மட்டுமே.

"இதையெல்லாம் சொன்னால் பிள்ளை குழம்பிப் போய்விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு பேர் வேறு வேறு சொல்கிறார்கள் என்று தெரிவதால் யாரும் குழம்புவதில்லை. இரண்டு பேர் வேறு வேறு சொல்வது கண்ணுக்குத் தெரியும்போது அப்பா மட்டும் ஒன்றுதான் என்று சாதித்தால் அப்போதுதான் குழப்பம். அதைவிட மோசம், அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்ற தெளிவு.

காசி, கயா, புத்தகயா எல்லாம் போங்கள். ஒரே நாளில் வேண்டுமானாலும் போங்கள், இரண்டு இடத்திலும் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். கும்பிடுவதற்குக் கருத்து ஒத்துப்போக வேண்டும் என்று சட்டம் இல்லை. எனக்குப் போதிமரத்தடியில் நிற்கும்போது ஒரு பெரிய எதிரிக்கு முன்னால் நிற்கும் மரியாதை வருகிறது. 'நான்' என்று நான் கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றையும் இது நீயா, இது நீயா என்று கேட்டு உதறவைத்தவர். அவர் உதறச் சொன்ன அத்தனையையும் உதறிய பிறகும் உதறுகிறவன் ஒருவன் மிச்சம் என்பது என் சமயம். அவனும் இல்லை என்பது அவர் தருமம். ஆயிரம் வருடத்துக்கு மேல் நம்மவர்கள் இதற்குத் தூக்கம் கெட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும், அல்லது இரண்டுமே தவறாக இருக்கலாம். இரண்டும் ஒன்று என்பது மட்டும் முடியாது.

பி.கு: "அப்போ சமரசம் வேண்டாமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு. வேண்டும். ஆனால் சமரசம் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். ஒரு தரப்பை விழுங்கிவிட்டு வயிற்றைத் தடவிக்கொள்வதற்கு வேறு பெயர்.